பொன்னெலியின் வரலாறும் பிணியறியும் கண்ணும்

மாட்டின் மூக்கு காய்ந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், மலாக்காத் தோட்டப்புறங்களில் அதற்கு மேல் விளக்கம் கேட்பார் இலர். அசைபோடுவது நின்றுவிட்டதா, சாணம் இளகியதா, காது தொங்குகிறதா என்னும் வினாக்கள் தாமாகவே எழும். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருவணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரத்தை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டார். அதன்பின் இம்மாநிலத்தின் காடுகள் பால்மரத் தோட்டங்களாக மாறின. அசகான், ஜாசின், மெர்லிமாவ், தெபோங், அலோர்காஜா வட்டாரங்களில் குடியேறிய தமிழ் மக்கள் பால்வெட்டக் கற்றது இங்கே வந்த பிறகுதான். மாடு கட்டும் வழக்கமோ அவர்கள் ஊரிலிருந்தே கொண்டு வந்தது. இடம் கிடைத்த தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை எழுந்தது. மாட்டுவாகட நூல்களைப் படித்தவர் அவர்களுள் எத்தனை பேர் இருந்திருப்பர்? மிகச் சிலரே. எனினும் பிணியுற்ற விலங்கை முதல் நாளிலேயே அடையாளம் காணும் கண் பலருக்கும் இருந்தது. கோமாரி கண்ட மாட்டைத் தனியே கட்ட வேண்டும் என்பதை அவர்களுக்கு எந்த அதிகாரியும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1960களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் எஞ்சிய தோட்டங்களிற் பல செம்பனைக்கு மாறின, சில தொழிற்பேட்டைகளாயின, சில வீடமைப்புத் திட்டங்களாயின. மக்கள் பத்து பெரெண்டாம், செங், புக்கிட் கட்டில் போன்ற இடங்களின் வரிசை வீடுகளுக்குப் பெயர்ந்தனர். அங்கே மாட்டுக்கு இடமில்லை, ஆட்டுக்கும் இடமில்லை. விலங்கின்மேல் பிள்ளைகளுக்குள்ள ஆசை மட்டும் வீட்டோடு கூட வந்தது. இன்று அந்த ஆசையை நிறைவேற்றும் உயிர்களுள் ஒன்று, கம்பிக் கூட்டுக்குள் சக்கரம் சுழற்றும் ஹேம்ஸ்டர்.

பாட்டன் நான்கு மாட்டின் நோயறிந்தவர். பேரன் ஓர் உள்ளங்கை உயிரின் நோயை அறியாமல் இரண்டே நாளில் அதனை இழந்து விடுகிறான். மாணவர் கட்டுரை ஏடுகளைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு இச்செய்தி புதிதன்று. 'எனக்குப் பிடித்த செல்லப் பிராணி' என்ற தலைப்பில் வரும் கட்டுரைகளில், 'ஒருநாள் காலையில் அது அசையாமல் கிடந்தது' என்ற வரி அடிக்கடி தென்படுகிறது. அக்காலைக்கு முந்திய இரண்டு மூன்று நாட்கள் அக்கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. அந்த நாட்களைப் பற்றியதே இக்கட்டுரை. அதற்கு முன், அந்த உயிர் எங்கிருந்து எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று அறிவது நலம். அதன் நோய்களிற் பலவற்றுக்கு விளக்கம் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஹேம்ஸ்டரை 'வெள்ளெலி' என்று எழுதுவோர் உளர். வெள்ளெலி நம் இலக்கியத்துக்குப் பழைய சொல்லே. அகநானூற்றில் அதனைப் பாடியவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்பது தமிழாசிரியர்களுக்கு நினைவிருக்கும். எலியைக் கூர்ந்து நோக்கிய ஒரு மருத்துவர் நமக்கு அன்றே இருந்திருக்கிறார் என்று மகிழலாம். ஆயின் அவர் பாடியது தமிழகத்துப் புனத்து எலி. ஹேம்ஸ்டர் தமிழ்நாட்டில் இயற்கையாய் வாழ்ந்ததே இல்லை. அறிவியலார் இதற்கு இட்ட இலத்தீன் பெயருக்குப் 'பொன்னிறமானது' என்பது பொருளாதலின், ஈண்டுப் பொன்னெலி என்றே குறிப்போம்.

பொன்னெலியின் தாயகம் சிரியா நாட்டில் அலெப்போ நகரைச் சூழ்ந்த வயல்வெளி. அதனைப் பற்றிய முதற்குறிப்பை எழுதியவர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். அலெப்போவில் ஆங்கிலேய வணிகர்களுக்கு மருத்துவராய் இருந்த அலெக்சாண்டர் ரசல், அந்நகரின் இயற்கை வரலாற்றை 1756இல் நூலாக வெளியிட்டார். அவருக்குப்பின் அதே பணியை ஏற்ற தம்பி பாட்ரிக் ரசல் அந்நூலைத் திருத்தி விரித்து 1794இல் மறுபதிப்புச் செய்தார். ஒரு பொன்னெலியை அறுத்துப் பார்த்தபோது, அதன் இரு கன்னப் பைகளிலும் இளம் அவரைக்காய்கள் நீளவாக்கில் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தனவாம். அவற்றை வெளியே எடுத்துப் பரப்பியபோது அவ்விலங்கின் உடலைப்போல் மும்மடங்கு குவியலாயிற்றாம்.

இந்தப் பாட்ரிக் ரசல் 1785இல் சென்னைக் கும்பினி அரசின் இயற்கை ஆய்வாளராய் அமர்ந்தவர். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796இல் நூல் வெளியிட்டவர். நாம் கண்ணாடி விரியன் என்று அழைக்கும் பாம்புக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே வழங்குகிறது. அவருக்கு முன் அப்பதவியில் இருந்த கோனிக், தரங்கம்பாடியில் மருத்துவராய் வந்திறங்கியவர். 1779ஆம் ஆண்டளவில் சயாமுக்கும் நம் மலாக்காவுக்கும் பயணம் செய்து நாட்குறிப்பும் எழுதி வைத்தவர். தரங்கம்பாடி, மலாக்கா, சென்னை, அலெப்போ என்னும் நான்கு ஊர்களும் இரண்டு மனிதரின் வாழ்வில் இவ்வாறு இணைகின்றன. கடல் வணிகம் செல்வத்தோடு அறிவையும் துறைமுகத்துக்குத் துறைமுகம் கடத்திச் சென்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1839இல் இலண்டனில் வாட்டர்ஹவுஸ் என்பார் அலெப்போவிலிருந்து வந்த ஒரே ஒரு தோலை வைத்துப் பொன்னெலிக்கு அறிவியற் பெயர் சூட்டினார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்காலம் உலகம் அதனை ஏறக்குறைய மறந்தே போயிற்று. மறந்ததை மீண்டும் தேடச் செய்தது ஒரு நோய். அந்நோயின் வரலாறும் சென்னையைத் தொட்டே செல்கிறது.

கருங்காய்ச்சல் என்னும் காலா அசார், வங்காளத்திலும் அசாமிலும் ஊர் ஊராய் மக்களைக் கொன்ற நோய். காய்ச்சல் நீளும், மண்ணீரல் வீங்கும், உடல் கறுத்து மெலியும். 1903ஆம் ஆண்டில், டம்டம் நகரில் நோயுற்ற ஒரு போர்வீரனின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்ணுயிரைப் பற்றி லீஷ்மன் இலண்டனில் எழுதினார். அதே ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், தம் நோயாளிகளிடம் அதே நுண்ணுயிரைக் கண்டதாக அறிவித்தார். யாருக்கு முதன்மை என்ற பூசல் எழுந்தபோது, மலேரியா ஆய்வால் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் சேர்த்தே அந்நுண்ணுயிருக்கு இட்டார். நுண்ணுயிரைக் கண்டது ஒருபடி. அது எவ்வாறு பரவுகிறது, எம்மருந்துக்கு அடங்கும் என்று அறிய ஆய்வுக்கூட விலங்கு ஒன்று தேவைப்பட்டது. 1924இல் பீக்கிங்கில் சீன நாட்டு ஹேம்ஸ்டருக்கு இந்நோய் எளிதில் பற்றுவதைக் கண்டனர். ஆனால் அவ்வினம் கூட்டில் ஈனுவதில்லை. ஒவ்வொரு முறையும் சீனாவிலிருந்தே தருவிக்க வேண்டியிருந்தது.

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் இந்நோயை ஆராய்ந்த சால் ஆட்லர் இதனால் பெரிதும் இடர்ப்பட்டார். அருகிலேயே கிடைக்கும் இனம் ஒன்றைத் தேடித் தருமாறு விலங்கியலார் இசுரவேல் அகரோனியை வேண்டினார். 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் அகரோனி அலெப்போ சென்று, ஊர்த்தலைவர் ஒருவரின் துணையோடு கோதுமை வயல் ஒன்றைத் தோண்டச் செய்தார். ஏறக்குறைய எட்டடி ஆழத்தில் ஒரு தாயும் பதினொரு குட்டிகளும் கிடைத்தன. பெட்டியில் இட்ட சிறிது நேரத்தில் தாய் தன் குட்டி ஒன்றைக் கொன்றது. வெருண்ட தாய் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று அஞ்சிய அகரோனி தாயைக் கொன்றார். குட்டிகளைத் தம் கையாலேயே பாலூட்டிக் காத்தார். எருசலேமில் சில தப்பி ஓடின, சில இறந்தன. எஞ்சிய உடன்பிறப்புகள் இணைந்து ஓராண்டுக்குள் நூற்றைம்பதாய்ப் பெருகின. 1931இல் ஆட்லர் சிலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். சட்டைப் பையில் மறைத்துக் கொண்டு சென்றார் என்றும் சொல்வர். 1938இல் அமெரிக்காவுக்குச் சென்றன. ஆய்வுக்கூடத்திலிருந்து பிள்ளைகளின் கைக்கு வந்தது அதன் பிறகே. இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னெலிகள் பெரும்பாலும் அந்த ஒரு வளையில் பிறந்த குட்டிகளின் வழித்தோன்றல்களே. நம் கடைகளில் அதனினும் சிறியனவாய் விற்கப்படும் குட்டை இனங்கள் வேறு. அவை சைபீரியா, மங்கோலியா, வடசீனம் ஆகிய பகுதிகளுக்கு உரியவை.

எட்டடி ஆழத்துக் குளிர்ந்த மண்; தனித்து வாழும் இயல்பு; வளையினின்று வெளிவந்து தானியம் சேர்க்கும் வாழ்க்கை; ஆந்தையும் நரியும் பாம்பும் காத்திருக்கும் வயல். இந்நான்கும் அதன் உடலில் எழுதப்பட்டுள்ளன. இரையாகும் விலங்கு தன் நோயைக் காட்டிக்கொள்வதில்லை. காட்டிக்கொண்ட விலங்கைப் பகை முதலில் பிடிக்கும். எனவே பொன்னெலி தளர்ந்திருக்கிறது என்று நம் கண்ணுக்கே தெரியும்போது நோய் பெரும்பாலும் பாதி வழி வந்திருக்கும். மாட்டின் காய்ந்த மூக்கைப்போல் எளிய அடையாளம் இங்கே இல்லை. அது உறங்கும் பகலில் பார்த்துவிட்டு நலமாய் இருக்கிறது என்று முடிவு செய்வது பயனற்றது. விளக்கேற்றும் வேளைக்குப் பின், அது எழுந்து நடமாடும்போது பார்க்க வேண்டும்.

எலியைப் பார்த்துப் பார்த்துப் பேணுவதா என்று முதியோர் சிலர் நகைப்பர். அந்த நகைப்பிலும் வரலாறு இருக்கிறது. தோட்டப்புறத்தில் எலி பகையாகவே இருந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தில் வில்லியம் பிளெட்சர் 1920களில், தோட்டக் காய்ச்சல்கள் யாவும் மலேரியா அல்ல என்று பிரித்துக் காட்டினார். எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சல் ஒன்று. எலிமேல் வாழும் உண்ணியினத்தால் புதர்க்காடுகளில் பற்றும் காய்ச்சல் மற்றொன்று. செம்பனை வந்தபின் பழக்குலைகளைக் கடித்துத் தின்னும் எலிகளை ஒடுக்கக் கூகைகளுக்குக் கூடு கட்டிக் கொடுத்த தோட்டங்களும் உண்டு. அத்தகைய நினைவோடு வந்தவர்கள், 'எலிக்கு வைத்தியமா?' என்று கேட்பதில் வியப்பில்லை. ஆயினும் கூட்டில் வளரும் உயிர் நாம் விரும்பிக் கொண்டு வந்தது. அதற்கு வளை தோண்டவோ நிழல் தேடவோ வழியில்லாமற் செய்தவர் நாம்.

பொன்னெலிக் குட்டிகளை மிகுதியாய்க் கொல்வது 'ஈரவால்' எனப்படும் கழிச்சல். பால்மறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரையிலான இளங்குட்டிகளையே இது பெரிதும் தாக்கும். அதாவது கடையில் விற்கப்படும் வயதில். தாயைப் பிரிவு, வண்டிப் பயணம், நெரிசலான தொட்டி, புதிய தீனி, வீட்டுக்கு வந்ததும் கைமாறிக் கைமாறித் தூக்கும் பிள்ளைகள் என அச்சமும் அலுப்பும் ஒன்றாய்ச் சேரும் நாட்கள் அவை. குடலில் ஏற்கெனவே ஒளிந்திருந்த நுண்ணுயிர் அப்போது தலைதூக்கும். பன்றிக்குட்டிகளின் குடலையும் கெடுக்கும் இந்நுண்ணுயிருக்கு 1995இல்தான் இன்றைய பெயர் இடப்பட்டது. வாலடியும் பின்காலும் நனைந்து ஒட்டியிருக்கும், நாற்றம் வீசும், முதுகு கூனும், மயிர் சிலிர்த்து மங்கும், கண் பாதி மூடியிருக்கும், தீனி தொடப்படாமல் கிடக்கும். பிள்ளைகள் இதனைச் சிறுநீரில் உட்கார்ந்த ஈரம் என்று எண்ணித் துடைத்துவிடுகின்றனர். துடைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய் வருவதற்குள் நிலை கைமீறிவிடும். அடையாளம் தோன்றியதிலிருந்து இரண்டு மூன்று நாட்களில் உயிர் போகலாம். ஆதலின் நாளை பார்ப்போம் என்பது இந்நோய்க்குப் பொருந்தாது. அன்றே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். வழியில் உடல் வெப்பம் குறையாமலும், உடலின் நீர் வற்றாமலும் காக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் ஆபத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில், மருந்தகம் தந்த அமோக்சிசிலின் மாத்திரைகளில் நான்கைந்து மிஞ்சிக் கிடப்பது வழக்கம். பிள்ளைக்குக் கொடுத்தது எலிக்கும் ஆகட்டும் என்று அதில் ஒரு துளியைக் கரைத்து ஊட்டுவோர் உளர். அன்பினால் செய்யும் செயல்தான். ஆயினும் அது நஞ்சு. பென்சிலின் குடும்பத்து மருந்துகளும், கிளின்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் போன்றனவும் பொன்னெலியின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடுகின்றன. வெறுமையான குடலில் நஞ்சு கக்கும் வேறொரு நுண்ணுயிர் பெருகிச் சில நாட்களில் உயிரைக் குடிக்கிறது. இந்த மரணமே மனிதர் பலரைப் பிற்காலத்தில் காத்தது. கிளின்டமைசின் உண்ட மனிதர் சிலருக்குக் கொடிய குடலழற்சி வந்து, காரணம் புலப்படாதிருந்த காலம் அது. 1977, 1978ஆம் ஆண்டுகளில் ஜான் பார்ட்லெட்டும் அவர்தம் குழுவினரும் அம்மருந்தைப் பொன்னெலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து, அந்த நஞ்சையும் அதை உண்டாக்கும் நுண்ணுயிரையும் கண்டறிந்தனர். இன்று மருத்துவமனைகளில் நோயாளிக்குக் கழிச்சல் கண்டதும் அந்நுண்ணுயிரைத் தேடுவதற்கு இவ்வாய்வே வழிகாட்டிற்று. பொன்னெலிக்கு ஏற்ற உயிர்க்கொல்லி மருந்துகள் வேறு உண்டு. எது, எவ்வளவு என்பது விலங்கு மருத்துவர் எடைபார்த்துச் சொல்ல வேண்டியது.

மலாக்காவுக்கே உரிய இடர் ஒன்று வெயில். ஐரோப்பிய நூல்கள் குளிரைப் பற்றியே எச்சரிக்கின்றன. குளிர்மிகுந்தால் இவ்விலங்கு செத்ததுபோல் நெடுந்துயில் கொள்ளும் என்கின்றன. அது அந்நாட்டுக்குச் சரி. நம் வீட்டு நடுப்பகலில் பொன்னெலி தட்டையாய்ப் பரந்து அசையாமல் கிடந்தால் அது துயில் அன்று; வெப்பத்தாக்காய் இருக்கலாம். வேகமாய் மூச்சிரைத்தல், வாயடியில் நனைவு, தூக்கினால் தள்ளாடுதல் ஆகியவை அதன் பிற குறிகள். உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றிக் காதையும் பாதத்தையும் தண்ணீரால் ஒற்ற வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்குதல் கூடாது, அதிர்ச்சியே கொன்றுவிடும். துத்தநாகக் கூரை இறங்கிய பின்கட்டில், மேற்கு வெயில் விழும் சன்னலடியில், பூட்டிய காரில் கூட்டை வைப்பதே பெரும்பாலும் இம்மரணத்துக்குக் காரணம். அலெப்போ வயலின் ஆழத்து மண்ணை நாம் தர இயலாது. ஆனால் உடைந்த மண்சட்டியின் ஒரு பாதியைக் கவிழ்த்து வைக்கலாம். ஒரு பளிங்குச் சில்லைக் கூட்டின் மூலையில் இடலாம். இரண்டும் விலையில்லாதவை, வேப்பமரத்து நிழலைப்போல் வேலை செய்பவை.

மூச்சு நோயும் அடிக்கடி வருவதே. மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, மூச்சில் 'கிளிக்' என்ற ஓசை, விலா குழிந்து எழுதல் ஆகியன தோன்றினால் நுரையீரல் அழற்சியை ஐயுற வேண்டும். வாசனை மிகுந்த பைன், தேவதாரு மரத்தூளைப் படுக்கையாய் இடுதல், சிறுநீர் காரம் தேங்கிய கூடு, சளிப்பிடித்த பிள்ளையின் முத்தம் ஆகியவை அதற்கு வழி திறப்பன. கன்னப் பையில் ஒட்டும் உணவு சிக்கிப் புண்ணாவதும் உண்டு. ரசல் வியந்த அதே பைதான். இட்டிலித் துண்டையும் மிட்டாயையும் அதில் திணித்துக் கொள்ளும்போது வெளியே எடுக்க முடியாமற் போகிறது. பல் வாழ்நாள் முழுதும் வளர்வதால், கடிக்கக் கொய்யாக் குச்சி போன்ற ஒன்று இல்லையேல் அது வளைந்து வாயைக் குத்தும். உணவருகில் வந்து முகர்ந்துவிட்டு உண்ணாமல் திரும்பும் பொன்னெலியின் வாயைப் பார்க்க வேண்டும். குட்டை இனங்களிற் சிலவற்றுக்கு நம்மைப்போலவே நீரிழிவு வருகிறது. தண்ணீர்ப் புட்டி வழக்கத்துக்கு மாறாய் விரைவில் வற்றுவதே முதற்குறி. வாழைப்பழமும் திராட்சையும் கொடுத்துச் சீராட்டுவோர் இதைக் கருத வேண்டும்.

நோயல்லாததை நோயென்று மருளுவதும் உண்டு. பெண் பொன்னெலிக்கு நான்கு நாட்களுக்கு ஒருமுறை வெண்மையான கெட்டிக் கசிவு ஏற்படும், அது இயல்பு. அதுவே குருதி கலந்தோ நாற்றமுடனோ தொடர்ந்து வந்தால் கருப்பை சீழ்பிடித்திருக்கலாம். இடுப்பின் இருபுறமும் தெரியும் கறுத்த புள்ளிகள் சுரப்பிகள், புண் அல்ல. அலெப்போவில் நிகழ்ந்த தாயின் கொலையும் நோயன்று, அச்சம். ஈன்ற தாயை இரண்டு வாரமேனும் தொடாமலும் கூட்டைக் கலைக்காமலும் விட்டால் இன்றும் அது நிகழாது. வளர்ந்த பொன்னெலிகள் இரண்டை ஒரே கூட்டில் 'துணைக்கு' என்று இடுவது அன்பு போலத் தோன்றும் கொடுமை. தனித்து வாழும் இனம் அது. காயமும் சீழும் மரணமுமே அதன் முடிவு.

இவ்வடையாளங்களையெல்லாம் நினைவில் வைத்திருத்தல் ஒரு மாணவனுக்கு எளிதன்று. ஒன்றை மட்டும் செய்யச் சொன்னால் போதும் என்பேன்: வாரம் ஒருமுறை எடை. சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து அதில் பொன்னெலியை அமர்த்தி, நாளையும் எடையையும் ஏட்டில் குறிக்க வேண்டும். வளர்ந்த பொன்னெலி பொதுவாக 100 முதல் 150 கிராம் வரை இருக்கும். குட்டை இனங்கள் 30 முதல் 50 கிராம் அளவே. பத்துக் கிராம் குறைவது நம் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். மறைக்கத் தெரிந்த உயிர் மறைக்க முடியாத ஒன்று அதன் எடை. எண்களை வரைபடமாக்கிக் கணித வகுப்பிலும் காட்டலாம்.

விலங்கின் நோயைக் கவனிப்பது விலங்குக்கு மட்டும் நன்மை தருவதன்று. 1974ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் வீட்டுப் பொன்னெலிகளிலிருந்து பரவிய மூளையுறை அழற்சிக் கிருமியால் நோயுற்றோர் 180க்கும் மேற்பட்டோர். 2005இல் அங்கேயே, வீட்டில் பொன்னெலி இருந்த ஒருவர் இறந்தபின் அவருடைய உறுப்புகளைப் பெற்ற நால்வரில் மூவர் இதே கிருமியால் மாண்டனர். இக்கிருமி கருவுற்ற தாயின் வழியாகக் குழந்தையின் மூளையையும் தாக்கவல்லது. அதனால் கருவுற்றோர் கூட்டைத் தூய்மை செய்யும் வேலையைப் பிறரிடம் விடுதல் வேண்டும். 2022 சனவரியில் ஹாங்காங்கில் ஒரு கடைப் பணியாளருக்குக் கோவிட் நோய் கண்டபோது, அங்கு இறக்குமதியான பொன்னெலிகளிடமிருந்தே அது தொற்றியது என்று தெரியவந்தது. ஏறக்குறைய 2,000 சிறுவிலங்குகள் கொல்லப்பட்டன. பிள்ளைகள் வளர்த்தவற்றையும் கொண்டுவந்து ஒப்படைக்குமாறு அரசு கேட்டது. பலர் கண்ணீரோடு ஒப்படைத்தனர், பலர் மறைத்து வைத்தனர். அச்சம் கொண்ட அரசையும் அழுத பிள்ளையையும் ஒருசேரப் புரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

நம் அருகிலும் இதற்குச் சான்றுண்டு. 1998 செப்டம்பரில் பேராவில் தொடங்கி, 1999இன் தொடக்கத்தில் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் ஊர்களைச் சூறையாடிய காய்ச்சலில் 265 பேர் நோயுற்றனர்; 105 பேர் இறந்தனர். பெரும்பாலோர் சீனப் பன்றிப் பண்ணையாளர்; பண்ணைகளில் உழைத்த இந்தியரும் அவர்களுள் இருந்தனர். கொசுவால் வரும் ஜப்பானிய மூளையழற்சி என்று முதலில் எண்ணிப் புகையடித்துக் கொண்டிருந்த மாதங்களில், பன்றிகள் குரைப்பதுபோல் உரக்க இருமிக் கொண்டிருந்தன. அந்த இருமல் நெடுந்தொலைவு கேட்டது. கொசுவால் வரும் நோயில் பன்றி அவ்வாறு இருமாது என்ற கேள்வி தக்க காலத்தில் எழுந்து செவிமடுக்கப்பட்டிருந்தால், பலர் பிழைத்திருப்பர் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்னும் மருத்துவர் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

மலாக்காவின் பெயரையே தாங்கிய கிருமியும் ஒன்று உண்டு. 2006இல் இம்மாநிலத்தில் ஒரு குடும்பத் தலைவருக்குக் கடுங்காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டன. சில நாட்களில் பிள்ளைகளும் படுத்தனர். ஒரு வாரத்துக்கு முன் வீட்டுக்குள் ஒரு வௌவால் புகுந்து பறந்ததை அவர்கள் நினைவுகூர்ந்தனர். ஆராய்ந்ததில் அதுவரை அறியப்படாத கிருமி கிட்டியது. 'மலாக்காக் கிருமி' என்று பெயர் பெற்றது. அனைவரும் நலமுற்றனர். வீட்டுக்குள் ஒரு வௌவால் பறந்தது என்ற சிறு செய்தியைச் சொல்லத் தோன்றியதும், அதனைக் குறித்துக் கொள்ளத் தோன்றியதும் இக்கதையில் என்னைக் கவர்பவை.

காப்பு முறைகள் கடினமானவை அல்ல. கூட்டைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல். கூட்டைச் சமையல் தொட்டியில் கழுவாமை. புதிதாய் வாங்கியதை இரண்டு வாரம் வேறோர் அறையில் தனித்து வைத்தல். வீட்டெலி நெருங்காத உயரத்தில் கூட்டை வைத்துத் தீனியை மூடிவைத்தல். வாங்கும்போதே வாலடி காய்ந்திருக்கிறதா, கண் தெளிவாயிருக்கிறதா, அதே தொட்டியில் நோயுற்றது வேறொன்று கிடக்கிறதா என்று பார்த்து வாங்கினால் பாதித் துயரம் குறையும். கடைக்கு மாலையில் செல்வது நலம். பகலில் எல்லாம் உறங்கும். 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. விலங்கை வைத்திருப்பவர் அதனை நோயிலிருந்தும் வலியிலிருந்தும் காக்கக் கடமைப்பட்டவர் என்று அது கூறுகிறது. மாட்டுக்கும் நாய்க்கும் மட்டும் உரிய சட்டமன்று அது.

பொன்னெலியின் ஆயுள் இரண்டு அல்லது மூன்று ஆண்டே. ஒன்றரை வயதுக்குப் பின் கட்டியும் சிறுநீரகக் கேடும் தோன்றுதல் இயல்பு. அவற்றுட் சிலவற்றை மருத்துவர் அறுத்து நீக்கலாம். சிலவற்றுக்கு வலியின்றி விடைகொடுப்பதே கருணையாகும். இதனைப் பிள்ளைக்கு வாங்கித் தரும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். இறந்தபின் கூட்டையும் சக்கரத்தையும் புட்டியையும் குளோரின் கலந்த நீரில் கழுவி வெயிலில் காயவைத்து, படுக்கைத் தூளை எறிந்துவிட்டு, சில வாரங்கள் கழிந்த பின்னரே அடுத்ததைக் கொண்டுவர வேண்டும். இறந்ததன் எடையேட்டை எறியாமல் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்ததன் எடை குறையத் தொடங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.